வாசிப்பவர்களின் ஆள்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு சிறிய ஊர். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிராஸ் பேண்ட் கச்சேரி, அதாவது பித்தளை ஊதுவாத்தியக் குழு. ஒரு மார்ச், ஒரு தேவாலயப் பாடல், அப்புறம் ஸ்பானிய இசையமைப்பாளர் ரோட்ரிகோவின் அரன்ஹுவெஸ், டிரம்பெட்டின் மென்மையான உறவுக்கார வாத்தியமான ஃப்ளூகல்ஹார்னில். அந்த மெதுவான பகுதி வந்ததும் என் முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளவயதில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியம் வாசித்தவராம். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், ஹாரிசன் பெர்ட்விஸ்ஸில் என்ற நவீன இசையமைப்பாளர் பிராஸ் பேண்டுக்கு எழுதிய ‘கிரைம்தோர்ப் ஆரியா’வைக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். “வாசித்தே இருக்கிறேன்” என்றார். “வாசிக்க அருமையான சரக்கு. உட்கார்ந்து கேள் என்றால் எழுந்து போய்விடுவேன்.” சிரித்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

அவர் போய்விட்டார், அந்த வாக்கியம் போகவில்லை. அது பாராட்டா, புகாரா? நான் இசை கேட்கிறவன், ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவன். இசை என்பது கேட்பவனுக்காக இருப்பது என்பதை நான் ஒரு கருத்தாகக்கூட நினைத்ததில்லை, அவ்வளவு இயல்பான விஷயம் அது. கேட்பவனுக்குப் பிடிக்காத, வாசிப்பவனுக்கு மட்டும் பிடித்த இசை என்றால், சமைத்தவர் மட்டும் ரசிக்கிற சாப்பாடு மாதிரி அல்லவா இருக்கிறது? இந்தக் குழப்பத்தோடு நான் திரும்பிப் போனது அந்த ஆரியாவை எழுதியவரிடம் அல்ல, அதை எழுதச் சொல்லிக் கேட்டவரிடம். எல்கர் ஹோவர்த், டிரம்பெட்காரர், பின்னாளில் கோல் பிடித்து இசைக்குழுக்களை நடத்திய கண்டக்டர்.

2025 ஜனவரியில், 89 வயதில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலும் ‘நவீன ஓபராக்களை நடத்தியவர்’ என்பதுதான் முதல் வரி. தப்பில்லை. நவீன இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘லெ கிராண்ட் மகாப்ர்’ ஓபரா 1978 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக மேடையேறியபோது நடத்தியவர் அவர். பெர்ட்விஸ்ஸிலின் ‘தி மாஸ்க் ஆஃப் ஆர்ஃபியஸ்’ 1986இல், ‘கவைன்’ 1991இல், இரண்டுக்கும் முதல் இரவில் கோலைப் பிடித்தவர் அவர். ஆனாலும் இந்த வரிசையை வைத்து அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. டிரம்பெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவின் பேண்ட்

ஸ்டாஃபோர்ட்ஷயரில் கேனக் என்ற ஊரில் 1935இல் பிறந்தவர். வளர்ந்தது மான்செஸ்டரை ஒட்டிய எக்கிள்ஸில். அப்பா அங்கே பார்ட்டன் ஹால் வொர்க்ஸ் பேண்டை நடத்தியவர். பையனுக்கு இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளர் எல்கரின் பெயரை வைத்ததிலிருந்தே வீட்டின் நிலவரம் தெரிந்துவிடும். நண்பர்கள் என்னவோ கடைசிவரை அவரைக் கேரி என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வயது வாக்கில் அப்பாவின் பேண்டில் உட்கார்ந்துவிட்டார்.

பிராஸ் பேண்ட் உலகம் ஒரு தனி உலகம். ஆலை, சுரங்கம், தேவாலயம், இவற்றைச் சுற்றி வளர்ந்தது. கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிட்டோன், யூஃபோனியம், டிராம்போன், பேஸ் என்று இருபத்தைந்து பேர் சொச்சம். டிரம்பெட் கிடையாது, கார்னெட்தான். பேஸ் டிராம்போன் தவிர மற்ற எல்லோரும் டிரெபிள் கிளெஃப் என்ற ஒரே குறியீட்டு முறையில் இசைக்குறிப்பைப் படிக்கிறார்கள். இதில் பெரிய சௌகரியம் இருக்கிறது. யூஃபோனியக்காரர் வராவிட்டால் பாரிட்டோன்காரர் அந்த நாற்காலிக்கு நகர்ந்துவிடலாம், புதிதாகக் குறிப்புப் படிக்கக் கற்க வேண்டியதில்லை. வேலை முடித்து வந்து ஒத்திகை பார்க்கிறவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு.

இன்னொன்று போட்டி. 1853லிருந்து மான்செஸ்டரின் பெல் வ்யூவில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்துவந்தது. பெல் வ்யூ என்றால் மிருகக்காட்சிசாலையும் கேளிக்கைப் பூங்காவும் சேர்ந்த இடம். புலி உறுமுகிற வளாகத்தில் கார்னெட் போட்டி! எல்லா பேண்டும் ஒரே பாடலை வாசிக்க வேண்டும், அதற்கு டெஸ்ட் பீஸ் என்று பெயர். யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாதபடி நடுவர்கள் மூடிய அடைப்புக்குள் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே உட்கார்ந்து அதே பாடலைக் காலையிலிருந்து மாலைவரை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? வாசித்து முடித்தவர்கள், வாசிக்கப் போகிறவர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், ஒரு காலத்தில் வாசித்தவர்கள். இதைப் படித்தபோதுதான் பெரியவரின் வாக்கியம் எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. அந்த அரங்கில் வெறும் ரசிகன் என்கிற பிறவி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஹோவர்த் இந்தச் சூழலில்தான் காது வளர்த்தார்.

அப்புறம் மான்செஸ்டரில் பல்கலைக்கழகமும் இசைக் கல்லூரியும். அங்கே அவருக்கு அமைந்த கூட்டாளிகளைப் பார்த்தால் பொறாமை வரும். அக்ரிங்டனிலிருந்து வந்த பெர்ட்விஸ்ஸில், ஊர் ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்துப் பழகியவர். சால்ஃபோர்டு பையன் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ். ஐரோப்பாவின் புதிய இசை பற்றி எல்லாம் தெரிந்த அலெக்ஸாண்டர் கோயர். பின்னாளில் 1962இல் மாஸ்கோ சைகோவ்ஸ்கி போட்டியில் அஷ்கெனாசியோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பியானோக்காரர் ஜான் ஆக்டன். இவர்கள் நியூ மியூசிக் மான்செஸ்டர் என்று ஒரு குழுவாகச் சேர்ந்து தங்கள் இசையையும் அன்றைக்கு இங்கிலாந்து சீந்தாத வெபர்ன் வகையறாவையும் வாசித்தார்கள். மற்றவர்கள் இசையமைப்பாளராகப் பேர் வாங்கினார்கள். ஹோவர்த் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு சம்பள வேலைக்குப் போனார்.

வேலைக்காரன்

1958 முதல் ஐந்து வருடம் லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபராவின் ஆர்கெஸ்ட்ராவில். பிறகு ராயல் ஃபில்ஹார்மானிக்கில் முதல் டிரம்பெட்டாக அறுபதுகளின் முடிவுவரை. கூடவே பிலிப் ஜோன்ஸ் பிராஸ் என்சாம்பிள். இடையில் கிடைத்த ஸ்டுடியோ வேலைகள். பீட்டில்ஸின் ‘மேஜிக்கல் மிஸ்டரி டூர்’ பாடலில் கேட்கிற டிரம்பெட்டுகளில் ஒன்று அவருடையது, 1967 மே மாதம். 1971இல் அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸாப்பா ‘200 மோட்டல்ஸ்’ படத்துக்கு ராயல் ஃபில்ஹார்மானிக்கை வைத்து வேலை வாங்கியபோது, நடத்தியவர் ஹோவர்த். அதே ஸாப்பா இசையை ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசிப்பதாக இருந்ததை, வரிகள் ஆபாசம் என்று அரங்க நிர்வாகம் ரத்து செய்துவிட்டது. ஆர்கெஸ்ட்ராவிலேயே சிலருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஹோவர்த்துக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே இல்லை போல.

ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் நாற்காலி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பின்வரிசை. நூறு பார்கள் (தாளக் கட்டங்கள்) எண்ணிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் திடீரென்று ஒரு உச்சஸ்தாயி. அது பிசகினால் அரங்கம் முழுவதும் தெரியும். வயலின்காரர் மாதிரி பதினாறு பேருக்கு நடுவில் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த நூறு பார் சும்மா இருக்கும் நேரத்தில் கண் எங்கே இருக்கும்? கண்டக்டர் மேல்தான். நல்லவர், சுமாரானவர், ஆட்டம் போடுகிறவர் என எல்லா ரகத்தையும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஹோவர்த் அங்கிருந்து பார்த்திருக்கிறார். தனக்கு மிகவும் பிடித்த கண்டக்டர் ருடால்ஃப் கெம்பே இறந்தபோது பிராஸ் பேண்டுக்காக ‘இன் மெமோரியம் ஆர்.கே.’ என்று ஒரு இரங்கல் இசை எழுதினார். பெரிய கண்டக்டருக்கு அஞ்சலியாக ஒரு பேண்ட் பாடல். அவருடைய இரண்டு உலகங்களும் அவருக்குள் எவ்வளவு சகஜமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பின்னாளில் அவர் கோலெடுத்தபோது, அவர் கையசைவு தெளிவுக்குப் பேர் பெற்றது, அலங்காரத்துக்கு அல்ல. பெர்ட்விஸ்ஸிலின் ஆர்ஃபியஸ் ஓபராவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கண்டக்டர்கள் தேவைப்பட்டார்கள், பால் டேனியல் கூட நின்றார். அந்த மாதிரி ஸ்கோரில் கண்டக்டரின் உணர்ச்சிப் பெருக்கு வாசிப்பவருக்கு ஒன்றுக்கும் உதவாது. இப்போது எத்தனையாவது பார், நான் எப்போது உள்ளே வர வேண்டும் என்பதுதான் வேண்டும். அந்தத் தேவை என்னவென்று உடம்பால் தெரிந்தவர் அவர்.

ஒரு கேள்வி, ஒரு சுரங்க ஊர்

இந்த வாழ்க்கையில் எனக்கு மையம் என்று படுவது ஸ்டாக்ஹோமோ கோவென்ட் கார்டனோ இல்லை. 1972. அந்த வருடம் ஹோவர்த் கிரைம்தோர்ப் கோலியரி பேண்டோடு சேர்ந்தார். பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரி ஊர், 1917லிருந்து அங்கே பேண்ட் இருக்கிறது. அந்த வருட ஜனவரியில்தான் பிரிட்டன் முழுக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் 1926க்குப் பிறகு முதன்முறையாகத் தேசிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் லண்டன் ஆர்கெஸ்ட்ராக்களில் புழங்கிய ஒருவர் அந்தப் பேண்டின் முன்னால் வந்து நிற்கிறார். அதில் ஆச்சரியம் இல்லை, அவர் பேண்ட் வீட்டுப் பிள்ளை. ஆச்சரியம் அடுத்து அவர் செய்தது. கல்லூரிக் கூட்டாளி பெர்ட்விஸ்ஸிலிடம் போய், இவர்களுக்கு ஒன்று எழுதிக் கொடு என்று கேட்டார்.

அதுவரை பெரிய இசையமைப்பாளர்கள் பேண்டுக்கு எழுதியதே இல்லை என்று இல்லை. ஹோல்ஸ்ட் 1928இல் எழுதினார், எல்கர் 1930இல் எழுதினார், இரண்டுமே போட்டிக்கான டெஸ்ட் பீஸ்கள். ஆனால் அவர்கள் எழுதியபோது பேண்ட் எப்படி ஒலிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களோ, அதற்குள் நின்றுதான் எழுதினார்கள். பெர்ட்விஸ்ஸில் அப்படி எழுதக்கூடியவர் இல்லை என்பது ஹோவர்த்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே கேட்டார்.

1973இல் ஹாரோகேட் விழாவில் ஆரியா அரங்கேறியது. ஏறத்தாழ கால் மணி நேரம். மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடியாழத்தில் இருட்டாக ஏதோ நகர்கிறது, மேலே தனிக்குரல்கள் ஆரம்பிக்கின்றன, முடிக்காமல் விடுகின்றன. இறுகி இறுகி ஓரிடத்தில் வெடிக்கிறது. ஆரியா என்ற பெயரைப் பார்த்துப் பாட்டை எதிர்பார்த்தவர்கள் கிரைம்தோர்ப் என்ற பெயரைத்தான் கேட்டிருப்பார்கள். நான் முதலில் ஹெட்ஃபோனில் கேட்டபோது பாதியில் நிறுத்தினேன். பிறகு பலமுறை முழுக்கக் கேட்டுவிட்டேன். இன்னமும் ‘பிடிக்கும்’ என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் விட முடியவில்லை.

இதற்கு எதிரான வாதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நானே பல வருடம் வேறு விஷயங்களில் சொல்லிக்கொண்டிருந்ததுதான்: ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிற ஆளிடம் எதற்கு இந்தச் சித்திரவதை? அவனுக்குப் பிடித்ததைக் கொடு. கேட்க நியாயமாக இருக்கிறது, கருணையாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்தக் கருணைக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இவர்களுக்கு இவ்வளவுதான் வரும், இவ்வளவுதான் பிடிக்கும் என்ற தீர்ப்பு. நவீன இசைக்கென்றே இருக்கிற லண்டன் சின்ஃபோனியெட்டா குழுக்காரர்களுக்கு எழுதும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஹோவர்த்துக்கு இரண்டு கூட்டத்தையும் தெரியும். கிரைம்தோர்ப்பின் கார்னெட் வரிசை, சம்பளத்துக்கு வாசிக்கும் லண்டன் ஆட்களுக்குச் சளைத்ததில்லை என்று அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக அவர் கேட்டது, இந்த ஜனங்களுக்கு என்ன பிடிக்கும் என்று அல்ல. இவர்களால் என்ன வாசிக்க முடியும் என்று. நான் இரண்டாவது கேள்வியின் பக்கம். பேண்டுகாரனை ஒரு ரசிகனாக நினைத்து மரியாதை செய்வதைவிட, ஒரு வித்வானாக நினைத்து மரியாதை செய்வது மேல்.

பெரியவரும் அதைத்தானே சொன்னார் என்று இப்போது படுகிறது. வாசிக்க அருமையான சரக்கு. அந்த மூச்சுக் கட்டுப்பாடு, எங்கோ ஒரு மூலையிலிருந்து மெல்லியதாக ஆரம்பித்துக்கொடுக்க வேண்டிய நீண்ட சுரம், பக்கத்தில் இருப்பவன் உன்னை நம்பி நிறுத்துகிற இடம், இதெல்லாம் உள்ளே உட்கார்ந்தவனுக்கு மட்டும் கிடைப்பவை. எனக்கு வெளியிலிருந்து இருட்டு மட்டும் தெரிகிறது. சரி, அதில் எனக்கு என்ன நஷ்டம்? எல்லா இசையும் எனக்காக என்று யார் சொன்னது?

1974இல் லண்டனின் ‘ப்ராம்ஸ்’ கோடை இசை விழாவில் முதன்முறையாகப் பிராஸ் பேண்டுகள் ஏறின. பிளாக் டைக் மில்ஸும் கிரைம்தோர்ப்பும். ஆரியாவை அங்கேயும் வாசித்தார்கள். அடுத்த வருடம் ஹென்ஸே ‘ராக்டைம்ஸ் அண்ட் ஹபனெராஸ்’ எழுதிக்கொடுத்தார். க்யூபாவரை போய்வந்த இடதுசாரி ஜெர்மானியர் இங்கிலாந்தின் தொழிலாளர் பேண்டுக்கு எழுதினால் புரட்சிப் பாடல் வரும் என்று நினைத்திருப்பார்கள். வந்ததோ குறும்பும் ஆட்டமுமாக ஒரு இசை!

அதே 1975இல் ஹோவர்த் தானே எழுதிய ‘ஃபயர்வொர்க்ஸ்’ பெல் வ்யூவில் டெஸ்ட் பீஸ் ஆனது. பேண்டின் ஒவ்வொரு பகுதியையும் அறிமுகப்படுத்துகிற மாதிரியான இசை. ஆனால் அறிமுகப்படுத்துகிற விதம் பலருக்கு எரிச்சலைக் கிளப்பியது. இதெல்லாம் இசையா என்று பேண்டு உலகத்தில் பெரிய சண்டை. ஒருவிதத்தில் அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கச்சேரியில் ஒருமுறை கேட்டுத் திட்டிவிட்டுப் போகலாம். போட்டியில் அன்றைக்கு முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஆனால் வேறொன்றும் நடந்தது: அன்றைக்கு மேடையேறிய ஒவ்வொரு பேண்டும் அதை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறது. திட்டியவர்களின் விரல்களுக்கும் அது தெரியும். நவீன இசைக்கு வேறு எந்த நாட்டில், எந்த அரங்கில் அப்படி ஒரு கூட்டம் கிடைத்தது?

இன்னொரு பெயர்

இவ்வளவு சொன்ன பிறகு ஹோவர்த்தை ஒரு கடுகடு ஆசாமி என்று யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் கோளாறு. டபிள்யூ. ஹோகார்த் லியர் என்று ஒருவர் பேண்டுகளுக்காகத் துள்ளலான துண்டுப் பாடல்கள் எழுதினார். ‘ஹோகார்த்ஸ் ஹோ டவுன்’, ‘ரெட் ஸ்கை அட் நைட்’ எல்லாம் அவர் கைவரிசை. அந்த ஆள் ஹோவர்த்தேதான். எல்கர் ஹோவர்த் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அந்தப் பெயர் அப்படியே வருகிறது, ஒரு எழுத்து மிச்சமில்லை. ஹோகார்த் என்ற கேலிச்சித்திரக்காரர், லியர் என்ற கிறுக்குப் பாட்டுக் கவிஞர், இருவரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உபரி லாபம். ஆரியாவுக்கு எழுந்துபோகிற பெரியவர்கள் லியருக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதில் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஹோவர்த்துக்குத் தோன்றவே இல்லை. கடினமானதை எழுதுகிறவர் எளிமையானதைக் கைவிட வேண்டும் என்கிற கட்டாயம் இசை எழுதுகிறவர்களைவிட இசையைப் பற்றி எழுதுகிறவர்களுக்குத்தான் அதிகம்.

முஸோர்க்ஸ்கியின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ஐ அவர் பித்தளைக்கு மாற்றியதும் இந்த ரகம்தான். ராவெல் 1922இல் அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது ஆரம்ப நடையைத் தனி டிரம்பெட்டுக்குக் கொடுத்துவிட்டார். மாட்டு வண்டிப் பகுதியில் வருகிற தனியை இன்றைக்குப் பல ஆர்கெஸ்ட்ராக்களில் யூஃபோனியம் வாசிக்கிறது. ஏற்கெனவே நல்ல இடங்கள் எல்லாம் பித்தளைக்காரர்களிடம்தான் இருந்தன. ஹோவர்த் மீதியையும் வாங்கிக்கொடுத்தார். முதலில் பிலிப் ஜோன்ஸ் குழுவுக்கு, பிறகு முழு பேண்டுக்கு.

லிகெட்டி விஷயத்திலும் இதே கைதான். ‘லெ கிராண்ட் மகாப்ர்’ பன்னிரண்டு கார் ஹாரன்களின் முன்னுரையோடு ஆரம்பிக்கிறது. அதற்குள் ரகசியப் போலீஸ் தலைவன் பாத்திரத்துக்கு உச்சஸ்தாயி சொப்ரானோவில் மண்டையைப் பிளக்கும் மூன்று பாடல்கள். அவற்றை ஹோவர்த் கச்சேரி வடிவத்துக்கு மாற்றினார், ‘மிஸ்டரீஸ் ஆஃப் தி மகாப்ர்’ என்று. பாடகி பாடலாம், பாடகி இல்லாவிட்டால் டிரம்பெட் வாசிக்கலாம். ஹோகன் ஹார்டன்பெர்கர் டிரம்பெட்டில் வாசித்து அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். நாற்காலி காலியானால் பக்கத்துக்காரன் நகர்ந்து உட்காருகிற பேண்டு வழக்கம்தான் இது, வேறென்ன!

கிரைம்தோர்ப்பின் கதை அப்புறம் வேறு திசையில் போனது. 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப் போவதாக அரசு அறிவித்தது, அதில் கிரைம்தோர்ப்பும் ஒன்று. அந்த வாரமே ஆல்பர்ட் ஹாலில் பேண்ட் தேசியப் பட்டம் வென்றது. அடுத்த வருடம் சுரங்கம் மூடியது. 1996இல் அதைத் தழுவி ஒரு படம் வந்தது, அந்தப் பேண்டே பின்னணியில் வாசித்தது, அரன்ஹுவெஸ் ஊருக்கெல்லாம் தெரிந்தது. எனக்கும் அந்தப் பேண்ட் முதலில் அந்தப் படம் வழியாகத்தான் அறிமுகம். படத்தில் ஆரியாவுக்கு இடமில்லை, இருந்திருந்தால் படம் ஓடியிருக்காது.

கேட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள் ஆரியாவில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் பிலிப் ஜோன்ஸ் குழுவின் ‘பிக்சர்ஸ்’. அது பிடித்துப்போனால் லியரின் துண்டுப் பாடல்கள் ஏதாவது ஒன்று. பிறகு ஹார்டன்பெர்கரின் மகாப்ர், வீட்டில் மற்றவர்கள் இல்லாதபோது. ‘ஃபயர்வொர்க்ஸ்’ கேட்கும்போது பெல் வ்யூவில் அதை அன்றைக்கு முழுக்கக் கேட்டவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். ஆரியாவை ஹோவர்த்தே கிரைம்தோர்ப்பை நடத்திய பதிவில் கேளுங்கள், நல்ல ஸ்பீக்கரில். ஊரில் யாராவது டிராம்போனோ யூஃபோனியமோ வாசிக்கிறவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் உத்தமம், எந்த இடத்தில் அவர் முகம் மாறுகிறது என்று பார்க்கலாம்.